வாயிலில் நிற்பவர் யார்?
செய்தித் தேர்வையும் கேட்போரையும் பற்றிய கோட்பாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

உலகில் ஒவ்வொரு நாளும் நிகழ்பவை எண்ணற்றவை. ஆயினும் காலையில் நம் இல்லத்திற்கு வரும் நாளிதழின் பக்கங்கள் ஏறத்தாழ என்றும் ஒரே அளவினவாகவே இருக்கின்றன. நிகழ்ச்சிகள் குறைந்த நாளில் வெற்றுத்தாளை அச்சிட்டு விற்ற நாளிதழை நாம் கண்டதில்லை; நிகழ்ச்சிகள் மிகுந்த நாளில் பக்கங்களைப் பன்மடங்கு பெருக்கிய நாளிதழையும் கண்டதில்லை. ஆகவே நிகழ்ச்சி வேறு, செய்தி வேறு என்பது தெளிவு. நிகழ்ச்சி ஒன்று செய்தியாக மாறுவதற்கு இடையில் எவரோ ஒருவர் நின்று, 'இது செல்லட்டும், அது நிற்கட்டும்' என்று தீர்மானிக்கிறார். அவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறார்? அவர் விடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் மக்கள் அதனை என்ன செய்கின்றனர்? இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மக்கள் தொடர்பியலின் ஒரு பெரும்பகுதி இம்மூன்று வினாக்களைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

இத்தகைய பொருளை இறையியல் ஏடொன்றில் ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். செய்தி அறிவித்தலையே பணியாக ஏற்றுள்ளோர், செய்தி எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறது, எவ்வாறு கேட்கப்படுகிறது என்பவற்றை அறியாதிருத்தல் தகாது. மேலும், இக்கோட்பாடுகள் நூலகங்களில் மட்டும் வாழ்ந்தவை அல்ல. மனித உயிர்களின் காப்பும் அழிவும் இவற்றோடு பிணைந்திருந்தன. தெரிந்தெடுத்தல் தவிர்க்க இயலாதது. ஆனால் தெரிந்தெடுப்பவர் தம் தேர்வுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர். கேட்பவரும் அக்கடமையினின்று விலக்குப் பெற்றவர் அல்லர். இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே என்பது நம் துணிபு.

1. சமையலறையில் தோன்றிய கருத்து

'வாயில் காப்போர்' என்னும் கருத்து செய்தித்தாள் அலுவலகத்தில் தோன்றியதன்று. உணவைப் பற்றிய ஓர் ஆய்வில் தோன்றியது. அதனைத் தந்தவர் கர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர். 1890ஆம் ஆண்டில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கிய இவர், 1933ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைத் துறந்து அமெரிக்காவிற் குடியேறினார். இவருடைய அன்னையார் பின்னர் நாசிகளின் கொலைமுகாமில் மாண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சி பெருமளவு போர்முனைக்கு அனுப்பப்பட்டது. இல்லங்கள் வழக்கமாக ஒதுக்கிவந்த மாட்டின் இருதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளையும் மக்கள் உண்ணப் பழகவேண்டும் என்று அரசு விரும்பியது. இதற்கென அமைந்த குழுவின் செயலாளராக மார்கரெட் மீட் என்னும் மானிடவியலறிஞர் பணியாற்றினார். அயோவா பல்கலைக்கழகத்திலிருந்த லெவின், பழக்கத்தை மாற்றுவது எவ்வாறு என்று ஆராய்ந்து, தம் முடிவுகளை 1943ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

உணவு தானே நடந்து மேசைக்கு வருவதில்லை என்பதே அவருடைய தொடக்கம். அது கடையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ புறப்பட்டு, பல கால்வாய்கள் வழியாக வருகிறது. ஒவ்வொரு கால்வாயிலும் வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு வாயிலிலும் ஒருவர் நின்று உள்ளே விடுகிறார் அல்லது மறுக்கிறார். குடும்பத்தில் அவ்வாறு நிற்பவர் பெரும்பாலும் இல்லத்தலைவி. ஆகவே உண்போர் அனைவருக்கும் அறிவுரை கூறுவதைக் காட்டிலும், வாயிலில் நிற்பவரின் மனத்தை அறிவதே பயன் தரும் என்று லெவின் கண்டார். இதனோடு இணைந்த ஒரு சோதனையைப் போதகர் எவரும் மறத்தலாகாது. இல்லத்தலைவியரிற் சில குழுவினருக்குச் சிறந்த சொற்பொழிவு ஆற்றப்பட்டது. வேறு சில குழுவினர் தாமே கலந்துரையாடி முடிவெடுக்குமாறு விடப்பட்டனர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவருள் நூற்றுக்கு 3 பேரும், கலந்துரையாடியவருள் நூற்றுக்கு 32 பேரும் அப்புதிய உணவைச் சமைத்திருந்தனர்.

1947ஆம் ஆண்டு பிப்ரவரியில் லெவின் தம் 56ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்றில், உணவுக்குக் கூறிய இம்முறை செய்தியின் ஓட்டத்திற்கும் பொருந்தும் என்னும் ஒரு குறிப்பு இடம்பெற்றது. அச்சிறு விதையிலிருந்தே செய்தித் தேர்வுக் கோட்பாடு முளைத்தது.

2. அதே ஆண்டில் வங்காளத்தில்

அயோவாவில் உணவின் வாயில்கள் ஆராயப்பட்ட அதே 1943ஆம் ஆண்டில், வங்காளத்தில் உணவின் வாயிலும் செய்தியின் வாயிலும் ஒருசேர அடைபட்டிருந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் தொடர்பு ஏதும் இருந்ததில்லை. எனினும், கோட்பாட்டின் பொருளை உணர விரும்பும் இந்திய மாணவருக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

போர்க்காலப் பணவீக்கத்தாலும், பர்மாவிலிருந்து வரவேண்டிய அரிசி நின்றமையாலும், அரசின் தவறான கொள்கைகளாலும் அரிசியின் விலை உழைப்பாளிகளின் கைக்கெட்டாத உயரத்திற்குச் சென்றது. நாட்டுப்புற மக்கள் கூட்டங்கூட்டமாகக் கல்கத்தாவின் தெருக்களில் வந்து விழுந்து இறந்தனர். ஆனால் போர்க்காலத் தணிக்கையின் கீழ்ப் பஞ்சம் என்னும் சொல்லே ஒதுக்கப்பட்டது. லண்டன் மாநகரிலும் டெல்லியிலும் இருந்தோர் பலருக்கு, அது ஏதோ ஒரு விலையேற்றம் என்ற அளவிலேயே தோன்றியது.

கல்கத்தாவில் 'தி ஸ்டேட்ஸ்மன்' என்னும் ஆங்கில நாளிதழ் பிரித்தானியரின் உடைமையாக இருந்தது. அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்சும் ஆங்கிலேயரே. அவரும் பல மாதங்கள் அடக்கமாகவே எழுதிவந்தார். ஆயினும் தாம் நாள்தோறும் தெருவிற் கண்ட காட்சிக்கும் தம் நாளிதழின் பக்கங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியை அவரால் தாங்க இயலவில்லை. 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் பட்டினியால் மடிவோரின் நிழற்படங்களை அவர் வெளியிட்டார். அடுத்த வாரமும் படங்கள் வந்தன. கடுமையான தலையங்கங்கள் தொடர்ந்தன. அதன்பின் டெல்லியிலும் கடல் கடந்தும் உண்மை மறைக்க முடியாததாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு, நிவாரணப் பணியில் படையினரை ஈடுபடுத்தினார். அதற்குள் மடிந்தோர் மிகப் பலர். 1945ஆம் ஆண்டின் விசாரணைக் குழு இறந்தோரின் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை மதிப்பிடுகின்றனர்.

சிறுவனாயிருந்தபோது இப்பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளியலறிஞராகி, மக்களாட்சி நடைபெற்று நாளிதழ்கள் உரிமையோடு இயங்கும் நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்னும் கருத்தை நிலைநாட்ட முயன்றார். செய்தி வாயிலில் நிற்பவரின் முடிவு, சோற்று வாயிலையும் திறக்கவோ அடைக்கவோ வல்லது என்பதே அதன் பொருள். ஸ்டீபன்சைப் புகழும்போது, அவர் திறப்பதற்கு முன் கழிந்த மாதங்களையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் நல்லவராயிருந்தும் வாயில் நெடுநாள் அடைபட்டே இருந்தது.

3. திருவாளர் கேட்சும் அவருடைய குப்பைக் கூடையும்

லெவினின் குறிப்பைச் செய்தித் துறையில் முதன்முதலாகச் சோதித்தவர் டேவிட் மேனிங் ஒயிட் என்பவர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஒரு நகரத்து நாளிதழில், செய்தி நிறுவனங்களிடமிருந்து தந்திவழி வந்து குவியும் செய்திகளைத் தெரிந்தெடுக்கும் துணையாசிரியர் ஒருவரை அவர் அணுகினார். 25 ஆண்டு அனுபவம் மிக்க அவரை 'திருவாளர் கேட்ஸ்' என்ற புனைபெயரால் ஒயிட் வழங்கினார். ஆங்கிலத்தில் அப்பெயர் வாயிலைக் குறிக்கும். 1949ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வாரம், தாம் ஒதுக்கிய ஒவ்வொரு செய்தித் தாளின் மேலும் ஒதுக்கியதற்கான காரணத்தை அவர் எழுதிவைத்தார். ஆய்வின் முடிவு 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அச்சேறியது. எஞ்சியவற்றுள் பல, இடமின்மையால் ஒதுக்கப்பட்டன. வேறு பல, சுவையற்றவை என்றும் வெறும் பிரசாரம் என்றும் தள்ளப்பட்டன. தற்கொலைச் செய்திகளில் தமக்கு விருப்பமில்லை என்பதும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தது. தம் விருப்பு வெறுப்புகளைப் பற்றி ஒயிட் வினவியபோது, ரோமாபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சபையின்மீது தமக்கிருந்த மனக்கசப்பையும், அவர்களுக்குத் தாம் அதிகம் உதவுவதில்லை என்பதையும் கேட்ஸ் மறைக்கவில்லை. அந்நகரத்துக் கத்தோலிக்கர்கள் தம் செய்திகள் ஏன் அரிதாயின என்பதை ஒருபோதும் அறிந்திருக்க முடியாது. அவர்கள் முன்னே இருந்தது அச்சேறிய தாள் மட்டுமே; குப்பைக் கூடை அன்று.

ஆயினும் எல்லாப் பொறுப்பையும் ஒரு தனிமனிதரின்மேற் சுமத்துதல் முறையாகுமா? 1955ஆம் ஆண்டில் வாரன் பிரீட், செய்தியாளர்கள் எழுதப்படாத அலுவலகக் கொள்கையை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கின்றனர் என்று காட்டினார். உடைமையாளர் கட்டளையிடத் தேவையில்லை. எது பாராட்டப்படுகிறது, எது திருத்தப்படுகிறது என்பதைக் கண்டே புதியவர் வழிக்கு வருகிறார். 1956ஆம் ஆண்டில் வால்ட்டர் கீபர், விஸ்கான்சின் மாநிலத்தில் 16 துணையாசிரியர்களை ஆராய்ந்து, அவர்களை ஆள்வது சொந்த விருப்பத்தைக் காட்டிலும் நேரமும் இடமும் இயந்திரப் பழக்கமுமே என்று கண்டார். ஆகவே வாயிலில் நிற்பவர் காவலரும் ஆவார், கைதியும் ஆவார். தவறான தேர்வைத் திருத்த நல்ல மனிதரை அமர்த்தினால் மட்டும் போதாது. வாயிலின் அமைப்பையே நோக்க வேண்டும்.

4. தொலைவிலுள்ளோரின் துயரம்

அவ்வமைப்பை நாடுகளுக்கிடையே வைத்து ஆராய்ந்தவர்கள் நார்வே நாட்டு அறிஞர்களாகிய யோஹான் கால்டுங்கும் மரி ஹோல்ம்போ ரூகேயும் ஆவர். காங்கோ, கியூபா, சைப்பிரஸ் ஆகிய நாடுகளில் நேர்ந்த நெருக்கடிகளை நார்வேயின் நான்கு நாளிதழ்கள் எவ்வாறு வெளியிட்டன என்பதை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் தம் கட்டுரையை வெளியிட்டனர். நிகழ்ச்சி ஒன்று செய்தியாவதற்குத் துணைசெய்யும் 12 பண்புகளை அவர்கள் வகுத்தனர். நிகழ்ச்சி குறுகிய காலத்தில் முடிதல், பேரளவினதாதல், பொருள் தெளிவாக இருத்தல், பண்பாட்டால் நெருங்கியதாதல், எதிர்பாராததாதல், வல்லரசுகளையும் பெரிய மனிதரையும் சார்ந்திருத்தல், தனி ஒருவரின் செயலாகக் காட்டத்தக்கதாதல், தீமையானதாதல் முதலியன அவற்றுட் சில.

இப்பண்புகள் ஒன்றன்மேலொன்றாகச் சேரும்போது நேர்வது யாது? தொலைவிலுள்ள ஏழை நாடு, பெரும் விபத்தோ கலகமோ நேர்ந்தாலன்றிக் கண்ணிற்படாது. அங்கு நாள்தோறும் மெல்ல நிகழும் வறுமை, ஒரு நாளில் முடியாத காரணத்தால் செய்தியாகாது. அங்கு நிகழும் நன்மை, தீமையன்று என்ற காரணத்தால் செய்தியாகாது. வங்காளத்தின் பட்டினி மாதக்கணக்கில் வளர்ந்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தல் நலம். தணிக்கை இல்லாவிடினும், அது வாயிலைக் கடக்க அரும்பாடு பட்டிருக்கும்.

கால்டுங் அமைதியை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். இப்பட்டியலைப் பலர் செய்தியாளருக்குரிய கைந்நூலாகக் கருதியதைக் குறித்துப் பிற்காலத்தில் அவர் வருந்தினார். தாம் எழுதியது எச்சரிக்கையே அன்றி வழிகாட்டி அன்று என்றார். இவ்வெச்சரிக்கையின் எதிரொலி 1970களில் அணிசேரா நாடுகள் எழுப்பிய குரலில் கேட்டது. செய்தி நிறுவனங்கள் சில செல்வநாடுகளின் கையிலிருப்பதால், ஏழை நாடுகள் ஒன்றையொன்று அவற்றின் கண்ணாலேயே காண நேர்கிறது என்று அவை முறையிட்டன. யுனெஸ்கோ நிறுவனம் அயர்லாந்தின் ஷான் மக்பிரைடைத் தலைவராகக் கொண்டு அமைத்த ஆணைக்குழு 1980ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்திய இதழாளர் பி. ஜி. வர்கீஸ் அக்குழுவில் ஓர் உறுப்பினர். செய்தி இருபுறமும் பாயவேண்டும் என்னும் அக்கோரிக்கை நேர்மையானதே. ஆயினும், அதனை எழுப்பிய அரசுகளிற் சில தம் நாட்டு நாளிதழ்களின் வாயை அடைத்தவை என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. நம் நாட்டிலேயே 1975 ஜூன் முதல் நெருக்கடி நிலையின் தணிக்கையை நாம் கண்டோம்.

5. கேட்போர் களிமண் அல்லர்

இதுவரை வாயிலைப் பற்றியே பேசினோம். வாயிலுக்கு அப்பால் நிற்கும் மக்களைப் பற்றி அறிஞர் கருதியது யாது? தொடக்கத்தில், அவர்கள் எதையும் நம்பிவிடும் கூட்டத்தினர் என்ற அச்சமே மேலோங்கியிருந்தது. 1938 அக்டோபர் 30ஆம் நாள் ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய நாடகத்தை உண்மையென நம்பி, செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் வந்துவிட்டனர் என்று அமெரிக்க மக்கள் அஞ்சி ஓடினர் என்று நாளிதழ்கள் எழுதின. ஹாட்லி கான்ட்ரில் 1940ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் அவ்வச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று அண்மைக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். விளம்பர வருவாயிற் போட்டியாக வளர்ந்த வானொலியைப் பொறுப்பற்றதென்று காட்டுவதில் நாளிதழ்களுக்கு ஆதாயமிருந்தது. மக்களின் பேதைமையைப் பற்றிய செய்தியும் எவரோ தெரிந்தெடுத்த செய்தியே ஆயிற்று.

வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற பால் லாசர்ஸ்ஃபெல்ட், 1940ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்து வினவச் செய்தார். பிரசாரத்தால் மனம் மாறியவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் தம் கருத்துக்கு ஒத்ததையே தேடிக் கேட்டனர். வானொலியையும் நாளிதழையும்விடத் தமக்கு அறிமுகமான மனிதரின் சொல்லுக்கே செவிசாய்த்தனர். கருத்துகள் முதலில் ஊரில் மதிப்புப்பெற்ற சிலரிடமும், பின்னர் அவர்கள் வழியாகப் பிறரிடமும் செல்கின்றன என்னும் 'இருபடி ஓட்டம்' இவ்வாறு பிறந்தது. எலிஹு கட்சுடன் இணைந்து அவர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனை மேலும் விரித்தது.

1945ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நாளிதழ் விநியோகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் இரண்டு வாரங்களுக்கு மேல் நாளிதழ்கள் மக்களுக்குக் கிட்டவில்லை. பெர்னார்ட் பெரல்சன், எதனை இழந்து வருந்துகிறீர்கள் என்று வாசகர்களை வினவினார். உலகச் செய்திகளை என்று பலர் கூறினர். எந்தச் செய்தியை என்று கேட்டபோது பெயர் சொல்ல இயன்றவர் சிலரே. அவர்கள் இழந்தது பழக்கத்தை, துணையை, உலகோடு சேர்ந்திருக்கிறோம் என்னும் உணர்வை.

எனினும், நாளிதழ்கள் ஆற்றலற்றவை என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், எவருக்கு வாக்களிப்பதென்று முடிவு செய்யாத 100 பேரை மாக்ஸ்வெல் மெக்கூம்சும் டொனால்ட் ஷாவும் ஆராய்ந்து, 1972ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். செய்திச் சாதனங்கள் எவற்றிற்கு முதன்மை அளித்தனவோ அவற்றையே மக்களும் முதன்மையான சிக்கல்களாகக் கருதினர். என்ன நினைப்பது என்பதை அவை கட்டளையிட முடியாவிடினும், எதைப் பற்றி நினைப்பது என்பதை வரையறுக்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. 1973ஆம் ஆண்டில், ஜமைக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், மக்கள் ஒரு செய்தியை அனுப்பியவரின் நோக்கப்படியே ஏற்கலாம், பகுதி ஏற்றுப் பகுதி மறுக்கலாம், முற்றிலும் எதிராகவும் பொருள்கொள்ளலாம் என்று வகுத்துரைத்தார். கேட்போர் களிமண் அல்லர். ஆனால் தமக்கு முன் வைக்கப்படாத ஒன்றை அவர்களாலும் படிக்க இயலாது.

6. அனைவரும் வாயில் காப்போர் ஆகிய காலம்

இணையமும் கைப்பேசியும் பரவிய பின்னர், வாயில்கள் உடைந்துவிட்டன, இனிக் காவலர் தேவையில்லை என்று பலர் மகிழ்ந்தனர். மெய்யாகவே, முன்பு ஒதுக்கப்பட்ட பல குரல்கள் இன்று கேட்கின்றன; அதனைக் குறைவாக மதிப்பிடலாகாது. ஆயினும் வாயில்கள் மறையவில்லை, இடம் மாறின. எந்தச் செய்தி முதலில் கண்ணிற்படவேண்டும் என்பதைப் பெருநிறுவனங்களின் கணிப்பொறிகள் வரிசைப்படுத்துகின்றன. ஒவ்வொரு தனிமனிதரும் தம் கைப்பேசியில் வந்ததைப் பிறருக்கு அனுப்பும்போது, தாமும் ஒரு வாயில் காப்போர் ஆகிறார்.

2018ஆம் ஆண்டில் இந்தியாவின் பல பகுதிகளில், குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டத்தினர் கடத்தற்காரி என்றெண்ணி அடித்துக் கொன்றனர். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐவருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு செய்தது. அச்செய்தியை அனுப்பியவர்களிற் பெரும்பாலோர் கொடியவர் அல்லர். பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்னும் எண்ணத்தோடு அனுப்பியவரே. மதிப்புடைய அறிமுகமானவரின் சொல் என்பதாலேயே பிறர் அதனை நம்பினர். லாசர்ஸ்ஃபெல்ட் கண்ட அதே இருபடி ஓட்டம், இங்குக் கொலைக்குத் துணைபோயிற்று.

1943இல் வாயில் அடைபட்டதால் மக்கள் மாண்டனர். 2018இல் வாயிலில் நின்ற எவரும் தம்மைக் காவலர் என்று எண்ணாததால் ஒரு முதியவள் மாண்டாள். குறைபாடு இரண்டிலும் ஒன்றே: 'இதனை ஏன் விடுத்தாய், அதனை ஏன் அடைத்தாய்' என்னும் வினாவுக்கு விடையளிப்பார் இல்லை.

7. நம் வாயில்

திருமறையில் செய்தித் தேர்வைப் பற்றிய ஒரு வரலாறு உண்டு. 2 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தில் தாவீது அரசன் இரு வாயில்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறான். வாயிலின் மேல் காவற்காரன் நிற்கிறான். அப்சலோம் இறந்த செய்தியை எவர் கொண்டுசெல்வது என்பதை யோவாப் முன்னரே தீர்மானித்துவிட்டான். ஆயினும் அகிமாஸ் வற்புறுத்தி ஓடி முந்துகிறான். வெற்றியை அறிவிக்கிறான், மகனைப் பற்றி அரசன் கேட்கும்போது, பெரிய சந்தடியைக் கண்டதாகவும், அது இன்னதென்று அறியாததாகவும் கூறி ஒதுங்குகிறான். அவன் அறிவித்த வெற்றி மெய்யே. விடுத்ததோ அரசன் கேட்ட ஒன்று. தேர்வு செய்வோன் பொய் சொல்லாமலே உண்மையை மறைக்க இயலும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. மாறாக, நான்காம் நற்செய்தியின் ஆசிரியர் தாம் எழுதாது விட்ட அடையாளங்கள் பல உண்டென்று 20ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஒப்புக்கொண்டு, எழுதியவற்றை எதற்காக எழுதினார் என்பதையும் கூறுகிறார். தெரிந்தெடுத்ததை மறைக்காமை, நோக்கத்தை வெளிப்படுத்தல் ஆகிய இரண்டும் நேர்மையான தேர்வின் இலக்கணம் எனலாம்.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஆயராயிருந்த ஒரு சபையில், ஞாயிறுதோறும் பரிந்துபேசும் மன்றாட்டில் நோயுற்றோரின் பெயர்களை வாசிப்பது வழக்கம். ஆலய வாசலில் வைக்கப்பட்ட பெட்டியில் இடப்படும் சீட்டுகளிலிருந்தே அப்பெயர்கள் எடுக்கப்பட்டன. ஊருக்கு வெளியேயிருந்த சேரியிலிருந்து வந்து பின்வரிசையில் அமரும் கூலி வேலைக் குடும்பங்களின் பெயர் ஒன்றும் அதில் வருவதில்லை என்பதை நாம் ஓராண்டுக்கு மேல் கவனிக்கவேயில்லை. அவர்களுள் எழுத அறிந்தவர் சிலரே. அவர்களும் முன்வாசலுக்கு வரத் தயங்கினர். அக்குடும்பமொன்றில் ஒரு குழந்தை இறந்து அடக்கத்திற்கு அழைக்கப்பட்டபோதுதான், அது மூன்று வாரம் நோயுற்றிருந்ததை அறிந்தோம். எவரும் அக்குழந்தையின் பெயரைத் தள்ளவில்லை, பெட்டி தள்ளியது. அப்பெட்டியை வைத்தவர் நாமே.

ஆகவே இறையியல் மாணவர்க்கு நாம் கூற விரும்புவன மூன்று. முதலாவது, சபையில் அறிவிப்பையும் மன்றாட்டையும் அருளுரைக்குரிய எடுத்துக்காட்டுகளையும் அமைக்கும்போது, வந்தவற்றை மட்டுமன்று, வாராதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எவருடைய துயரம் நம் கால்வாயில் நுழையவே வழியில்லை என்று வினவ வேண்டும். இரண்டாவது, சபையார் நம் சொற்களை வாங்கி நிரப்பிக்கொள்ளும் பாத்திரங்கள் அல்லர். லெவினின் இல்லத்தலைவியரைப் போலத் தாமே பேசி முடிவெடுக்க இடமளிக்கப்படும்போதே அவர்கள் மாறுகின்றனர். மூன்றாவது, ஊரில் மதிப்புப்பெற்றவர் என்ற காரணத்தால் ஆயர் அனுப்பும் ஒரு செய்தி பிறர் அனுப்புவதைவிட விரைந்து நம்பப்படும். ஆராயாமல் அனுப்பும் ஒரு செய்தி ஓர் உயிருக்கு விலையாகலாம்.

பெட்டியை நாம் பின்னர் எடுத்துவிட்டோம். ஞாயிறு ஆராதனை தொடங்குமுன் மூப்பர் ஒருவர் பின்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையிலும் சென்று, மன்றாட வேண்டியவர் உண்டோ என்று வாய்மொழியாகக் கேட்டுவந்தார். ஆராதனை கால்மணி நேரம் நீண்டது. சிலர் அதைக் குறித்து முறையிட்டனர். வாசிக்கப்பட்ட பெயர்களோ இரு மடங்காயின.